வலது காதுக்கு ஒரு ஹெட்போன்

ஒரு ஹெட்போன் வாங்க நான் எடுத்துக்கொண்ட காலத்தில் சிலர் மனை பார்த்து, பத்திரம் பதிந்து, வீடே கட்டிக் குடிபோயிருப்பார்கள். என் மகள் இப்போது இதைக் கேலியாகச் சொல்கிறாள். பாட்டுக் கேட்கவும் வேண்டும், கம்ப்யூட்டரில் விளையாடவும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்றுதான் அவள் கேட்டாள். கடையில் போய்ச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவளுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். அந்த ஒரு காதின் மேல் எதை வைப்பது, முதலில் எதையாவது வைக்கலாமா என்பதுதான் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிய பேச்சு.

லாஸ்பேட்டையில் எங்கள் வீடு. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது அது. அதற்கு முன் இன்டர்நெட் என்றால் டெலிபோன் லைனை அடைத்துக்கொண்டு கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத்தான் வரும். பிராட்பேண்ட் வந்ததும் என் மகளுக்குப் பாரிஸ் பக்கத்தில் இருக்கிற அவளுடைய பெரியம்மா பையனோடு விளையாட்டுத் தொடங்கியது. அவன் அவளைவிட ஒரு வயது சின்னவன், அக்கா என்பான். துப்பாக்கி தூக்கிக்கொண்டு பாழடைந்த கட்டிடங்களுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து, ஒளிந்திருப்பவர்களைத் தேடிச் சுடுகிற விளையாட்டு. இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அங்கே காலை. சாப்பிட்டு முடித்ததும் இவள் உட்காருவாள். அங்கே அவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருவான். பேசிக்கொண்டே விளையாட மைக் வைத்த ஹெட்போன் வேண்டும். அப்படித்தான் ஹெட்போன் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முதலாவதை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே இடது பக்கம் வரவில்லை என்றாள். அவள் சின்ன வயதிலிருந்து விரும்பிக் கேட்கிற ஒரு பாட்டு உண்டு. பல்லவி முடிந்ததும் ஒரு புல்லாங்குழல் வரும். ஹெட்போனில் அந்தப் புல்லாங்குழலே இல்லை, வாசிக்கிறவர் எழுந்து போய்விட்ட மாதிரி வெறும் தாளம் மட்டும் வருகிறது என்றாள்.

ஹெட்போனில் ஒரு பக்கம் போவது அந்த நாளில் யாருக்கும் செய்தியே இல்லை. ஒயர் செருகிக்குள் போகிற இடத்தில் அறுந்துவிடும். செருகியைத் திருகிப் பிடித்தால் கொஞ்ச நேரம் வரும். ரப்பர் பேண்ட் போட்டு, டேப் சுற்றி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதை வைத்துக்கொண்டு அசையாமல் பாட்டுக் கேட்கிறவர்கள் என் அலுவலகத்திலேயே இருந்தார்கள். நானும் திருகினேன். "இப்ப வருதா?" என்று கேட்பேன். "இல்ல" என்பாள். இன்னும் கொஞ்சம் திருகுவேன். "இப்ப?" "இல்லப்பா." அதை வாங்கி என் காதில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு பக்கம் போன ஹெட்போனைக் காதில் வைத்து யார் பார்ப்பார்கள்?

சண்டே மார்க்கெட் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று அடுத்ததை நேரு வீதியில் ஒரு கடையில் ரசீதோடு வாங்கினேன். அதிலும் இடது பக்கம் வரவில்லை. திருப்பி எடுத்துப் போய்க் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினேன். கடைக்காரரும் சோதித்துப் பார்க்கவில்லை. முனகிக்கொண்டே வேறொன்றைக் கொடுத்தார். அதுவும் வரவில்லை. எல்லாம் டூப்ளிகேட், மெட்ராஸிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது என்று என் மனைவி முடிவு சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கமான தீர்வு உண்டு. பிரான்சில் இருக்கிறவர்களிடம் சொல்லிவிடுவது.

என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா என்று ஊரில் சொல்கிற வகை. வெளியே வந்த பிறகும் அங்கேயே ஒரு வேலையில் இருந்தார். வருஷா வருஷம் ஆடி ஆவணி வாக்கில் குடும்பத்தோடு வக்கான்சுக்கு வருவார். வக்கான்ஸ் என்றால் விடுமுறைதான், ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வரும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் சீஸ், சாக்லேட், சென்ட், யாராவது கேட்டிருந்தால் ஷேவிங் மெஷின். நாங்கள் ஹெட்போன் கேட்டோம். அந்த வருஷம் பெட்டியைத் திறந்து கைத்துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியது, காதை முழுக்க மூடுவது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மகள் அதைக் கம்ப்யூட்டரில் செருகி அந்தப் பாட்டைப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள். அவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது பெரியப்பா, ஆனால் இடது பக்கம் வரவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் எழுந்து போய்ச் செருகியைத் திருகத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். எங்களுக்கு ஊர்க் கடைகளின் மேல் சந்தேகம் இருந்தது. அவருக்குப் பிரான்சின் மேல் ஒரு சந்தேகமும் கிடையாது.

"இன்னா பண்ற? அது பிரான்ஸ்ல வாங்கினது. கெட்டுப்போவாது."

அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கழற்றி அவள் தலையில் திருப்பி மாட்டினார். இடது பக்கக் கிண்ணம் வலது காதில் வந்தது. வாய்க்கு நேராக இருக்க வேண்டிய மைக் பிடரிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவள் ஒருநாளும் ஹெட்போனைத் திருப்பிப் போட்டதில்லை.

"இப்ப சொல்லு" என்றார்.

"புல்லாங்குழல் வருது பெரியப்பா" என்றாள். முகம் மலர்ந்துதான் சொன்னாள். அப்புறம் இடது காதின் மேல் இருந்த கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். "ஆனா இந்தப் பக்கம் இப்பவும் ஒண்ணும் இல்ல."

என் மனைவியின் அக்காள் சீஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் சகலை தன் இரண்டு விரல்களை மகளின் இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேய்த்தார். பிறகு சொடுக்கினார். பிறகு வலது பக்கம். எத்தனை ஹெட்போன் மாற்றியும் தெரியாதது, கெட்டுப்போக முடியாத ஒரு சாமான் வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு மறுவாரம் போனோம். பேருந்துகளில் வந்து இறங்கிய கூட்டத்தோடு நாங்களும் வரிசையில் நின்றோம். காது கேட்கும் அளவைப் பார்க்கிற இடத்தில் அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். அங்கேயும் ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வெளியில் நின்று பார்த்தேன். முதலில் விரல் ஏறி இறங்கி ஏறியது. பிறகு மடியில் கிடந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்த்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கண்ணால் கேட்டாள். மெஷினுக்கு முன்னால் இருந்த பெண் ஏற்கெனவே பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.

டாக்டர் இளம்பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு, மம்ப்ஸ் வந்ததா என்று கேட்டார். வந்தது, பொன்னுக்கு வீங்கி, ஒன்பதாம் வகுப்பில் என்று என் மனைவி சொன்னாள். அப்போது அவள் தன் சங்கிலியைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டு, வேப்பிலை அரைத்துத் தாடையில் பூசினாள். வீக்கம் வடிந்தது. காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று மகள் ஓரிரு தடவை சொன்னாள். தாடை வீங்கினால் காது அடைக்கத்தானே செய்யும் என்றோம். அவளும் பிறகு சொல்லவில்லை. ஒரு காது நன்றாகக் கேட்டால் மற்றது போனது பிள்ளைகளுக்கே பல நேரம் தெரியாது என்றார் டாக்டர். பழகிவிடுவார்களாம். போன காதுக்கு மருந்தும் இல்லை, மெஷினும் உதவாது. இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று சொன்னார்.

"அந்த இன்னொரு காதைப் பத்திரமா பாத்துக்குங்க."

எந்தப் பெற்றோரிடமும் சொல்லக்கூடிய சாதாரண வாக்கியம்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே அது வேலை செய்ய ஆரம்பித்தது. ராஜீவ் காந்தி சிலை பக்கம் சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்பி அவளுடைய வலது காதைக் கையால் பொத்தினேன். அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

பிரெஞ்சு ஹெட்போன் பீரோவுக்குள் போனது. இனி ஹெட்போன் கிடையாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்களுக்கு எதிரில் உட்கார விடவில்லை. தீபாவளிக்கு ஜன்னல்களைச் சாத்திப் பஞ்சு கொடுத்தேன். அவளுக்குச் சளி பிடித்தால் இரண்டு நாள் தூங்கமாட்டேன். தெருவில் நடந்தால் அவளுடைய வலது பக்கம்தான் நடப்பேன், நான் பேசுவது கேட்க வேண்டும் என்று. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாக்கில் சின்னக் குரலில் ஏதாவது சொல்லி, அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பேன். "கேக்குதுப்பா. கேக்குது. நீங்க ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி பண்றீங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

என் மனைவியின் கவலை வேறு மாதிரி. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடம் பார்க்கும்போது இது பேச்சாகிவிடும் என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவானது. பிரான்சுக்குத் திரும்பிவிட்ட அக்காள் வீட்டுக்குக்கூட, மருந்து கொடுத்தார்கள், தேறி வருகிறது என்றுதான் போனில் சொன்னாள். மகள் பக்கத்திலேயே இருந்தாள். பள்ளியில் முன் பெஞ்சில் இடது ஓரமாக, வகுப்பு முழுக்க வலது பக்கம் வருகிற மாதிரி, தானே இடம் மாற்றிக்கொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. காரணம் கேட்ட டீச்சரிடம் கரும்பலகை தெரியவில்லை என்றாளாம். டீச்சர் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி எங்களுக்குச் சொல்லியனுப்பினார்.

ஹெட்போனுக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கரும் தனியாக ஒரு மைக்கும் வாங்கி வைத்தேன். அது இன்னும் மோசமாகப் போனது. ஸ்பீக்கரில் வருகிற சத்தம் மைக் வழியாகப் பாரிசுக்குத் திரும்பிப் போய், தன் குரல் தனக்கே கேட்கிறது என்று அவன் கத்தினான். மேலே மின்விசிறி, தெருவில் காய் வண்டி, சமையலறையில் மிக்ஸி. ஒளிந்திருப்பவனின் காலடிச் சத்தம் கேட்க அவள் ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டில் மதில் மேல் எட்டிப் பார்த்து, என்ன சார் வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். சில வாரங்களில், பரீட்சை வருகிறது என்று அவனிடம் சொல்லிவிட்டு விளையாடுவதை நிறுத்திக்கொண்டாள். ஞாயிறு மத்தியானங்களில் தூங்கினாள். அந்த வயதில் மத்தியானம் தூங்குகிற பிள்ளை அல்ல அவள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் அவளே கேட்டாள், ஹெட்போன் போடலாமா என்று. என்னிடம் கேட்டிருந்தால் பதில் தெரியும், அதனால் என்னிடம் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நாங்கள் ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எவ்வளவு சத்தம் வைப்பாய் என்று அவளைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கதையை அவள் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். காதுக்குக் கெடுதல் சத்தமும் நேரமும்தான், அது எதிலிருந்து வந்தால் என்ன என்றார். தாழ்த்தி வைத்து, நடுவில் எழுந்து போய், அளவோடு கேட்டால் ஹெட்போனால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு ஹெட்போனிலிருந்து எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் அது அதிகம். தாழ்ந்த சத்தத்திலேயே அவளுக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்குங்கள் என்றார்.

இது எனக்கு அனுமதியாகத் தெரியவில்லை. பொறுப்பாகத் தெரிந்தது. இணையத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காதுக்குள் செருகுவது, காதின் மேல் உட்காருவது, காதைச் சுற்றி மூடுவது என்று வகைகள். மூடுகிற வகை வெளிச் சத்தத்தைத் தடுக்கும். தடுத்தால் உள்ளே தாழ்த்தி வைத்தாலே போதும். திறந்த வகையில் காற்றும் சத்தமும் உள்ளே வரும், வெளியே போகும். எனக்கு மூடிய வகைதான் சரியென்று பட்டது. பீரோவிலிருந்து பிரெஞ்சு ஹெட்போனையே எடுத்துக் கொடுக்கலாம்தான். ஆனால் அதில் சத்தத்தைக் குறைக்கிற சின்னச் சக்கரம் ஒயரில் இல்லை. எனக்கு அந்தச் சக்கரம் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சிக்கலை அவள்தான் விளக்கினாள். பாட்டையும் விளையாட்டையும் ஒரே மாதிரி கேட்க முடியாதாம். பாட்டுக்கு இடது பக்கத்துச் சத்தமும் வலது பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வலது காதுக்கே வர வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பாட்டுத்தான் கிடைக்கும். விளையாட்டில் அப்படிக் கலந்துவிட்டால் யார் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாது.

எனக்குப் புரியவில்லை. கலக்காவிட்டால் மட்டும் இடது பக்கம் வருகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பாய், அந்தச் சத்தம்தான் உனக்கு வராதே என்றேன். வலது பக்கம் சத்தம் பெரிதாக இருந்தால் ஆள் வலது பக்கம். தேய்ந்துகொண்டே போய் இல்லாமல் போனால் இடது பக்கம். அதனால் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்கு நடுவில் நின்று, கையில் துப்பாக்கி இருக்கிற மாதிரி மெதுவாகச் சுழன்று காட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தெருவிலும் அப்படித்தான் திரும்பித் திரும்பி நடக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பாட்டுக்கு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுகிற மென்பொருளில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குகிற ஒரு வசதி எங்கோ உள்ளே இருந்தது. பாட்டுக் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்வது, விளையாடும்போது எடுத்துவிடுவது. ஆக ஹெட்போன் ஒன்றே போதும். எது என்பதுதான் மீதி.

மிஷன் வீதியில் ஒரு கடைக்குப் போனோம். பழைய நேரு வீதிக் கடைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒழுங்காக வேலை செய்த ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்து அங்கே சண்டை போட்டவன் நான். மிஷன் வீதிக் கடைக்காரரிடம், பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒன்றாக வேண்டும் என்றோம்.

"கேமுக்குத் தனி சார், பாட்டுக்குத் தனி. ரெண்டுக்கும் ஒண்ணுன்னா ரெண்டும் சுமாராத்தான் இருக்கும்" என்றார். பிறகு ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். "இத பாருங்க. பேஸ் அடிச்சா காது கிழிஞ்சிடும் சார்."

நான் அதை அப்படியே திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். மகள் குனிந்துகொண்டு சிரித்தாள். காது கிழியாத மாதிரி இருந்தால் காட்டுங்கள் என்று சொன்னாள். அவர், இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

பஞ்சு கொண்டு போயிருந்தேன். என் இடது காதில் வைத்து அடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அவளுக்குக் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பஞ்சை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தெரியும் என்பதால் அது அவளுடைய காது ஆகவில்லை.

மூடிய வகையில் ஒன்று, ஒயரில் சக்கரத்தோடு, மைக்கோடு இருந்தது. சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் தெளிவாகக் கேட்டது. தெருவில் போன ஆட்டோக்கள் காணாமல் போயின. இதுதான் என்று முடிவு செய்து அவள் தலையில் மாட்டினேன். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு ஏதோ தோன்றி, கண்ணைத் திறந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு இடது பக்கம் நின்ற நான், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. மறுபடி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் துள்ளினாள். உடனே கழற்றிக் கல்லாவின் மேல் வைத்துவிட்டாள்.

இது வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. இதுதான் காதுக்கு நல்லது, தாழ்த்தி வைக்கலாம், நெட்டில் எல்லாம் படித்திருக்கிறேன் என்று அடுக்கினேன். அவள் கடைக்காரருக்குக் கேட்காமல் சொன்னாள்.

"இத மாட்டினா நான் மட்டும்தான் இருக்கற மாதிரி இருக்குப்பா. யாரு வந்தாலும் தெரியாது. எனக்கும் பயமா இருக்காதா?"

அந்த ஒரு வருஷத்தில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு ஊரைப் பற்றிய கவலை. மகளுக்கு விளையாட்டு. காதைப் பற்றிய பயம் எனக்கு மட்டும் கொடுக்கப்பட்டது என்பது போல அதைச் சுமந்துகொண்டிருந்தேன். அவள் தன் பயத்தை என்னிடம் காட்டாமல் வைத்திருந்ததற்குக் காரணம் எளிது. காட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

அவள் எடுத்தது லேசான ஒன்று. கறுப்புப் பஞ்சு வைத்த, காதின் மேல் சும்மா உட்காருகிற திறந்த வகை. சக்கரம் இருந்தது, மைக் இருந்தது. விளையாட்டில் தூரத்துக் காலடி இதில் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், அது பரவாயில்லை என்றாள். நான் அவளுக்கு இடது பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், நிஜமாகவே இதுதானா என்றேன். "ஆமா" என்றாள், திரும்பாமலே. கடைக்காரர் பெட்டியை ஒட்டிக் கொடுக்கும்போது, அந்தப் பெரியதுதான் சார் ஐட்டம், பாப்பா ஏமாந்துட்டா என்றார்.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சக்கரத்தை எந்த அளவுக்கு மேல் திருப்பக் கூடாது என்று அவளே ஒரு கோடு கிழித்தாள். நான் எந்த நேரமும் வந்து பக்கத்தில் நின்று கேட்கலாம், எனக்கு ஏதாவது கேட்டால் கழற்றிவிட வேண்டும். சொல்லாமல் தோளைத் தொடக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. ஜன்னலைச் சாத்திக்கொண்டால் காய் வண்டிச் சத்தம் குறையும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். மின்விசிறி மட்டும் ஓடட்டும் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

இப்போதும் எனக்கு நிம்மதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவள் வெளியூரில் படிக்கிறாள். போன் எடுக்கத் தாமதமானால், கேட்கவில்லையோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். வகுப்பில் இருப்பாள் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றும். சளி பிடித்திருக்கிறது என்றால் குரலை மாற்றிக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகியிருக்கிறேன். அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

புது ஹெட்போன் வந்த பின் முதல் ஞாயிறு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவில்லை. அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, பாரிசில் இருக்கிற தம்பியை எழுப்பி, இத்தனை மாதம் எங்கே போனாய் என்று அவன் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போய் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஹெட்போனிலிருந்து எதுவும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். அவள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் அவன் சொல்வது கேட்கவில்லை.

விளையாட்டில் இரண்டு பேரும் ஒரு கட்டிடத்துக்கு வெளியே நின்றார்கள். அவன் முன்னால் ஓடப் பார்த்திருக்க வேண்டும். அவள் அவனைக் கூப்பிட்டாள். அவனுக்கு இடது வலதெல்லாம் பிரெஞ்சில் சொன்னால்தான் சட்டென்று புரியும். இவளும் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள்.

"முன்னாடி ஓடாதடா. இந்தப் பக்கம் வா. கோஷ், கோஷ். லெப்ட்டு." அவன் ஏன் என்று கேட்டிருப்பான். அவள் கையை மவுஸிலிருந்து எடுக்கவில்லை. "எனக்கு அந்தப் பக்கம் காது கேக்காது. சரியாவல, சரியாவாது. அம்மா சும்மா சொன்னாங்க. நீ அங்கயே இரு, நான் ரைட்டு பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. என் மனைவிக்கும் கேட்டிருக்கும். அவள் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவள் அதற்குப் பதிலாக "ம்" என்று மட்டும் சொன்னாள். திரையில் முன்னால் போயிருந்த உருவம் திரும்பி வந்து, அவளுடைய இடது பக்கம், அரை அடி பின்னால் நின்றது. இருவரும் கட்டிடத்துக்குள் போனார்கள். இருட்டான ஒரு நடை, இரண்டு பக்கமும் கதவுகள். அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கக் கதவுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நேராக நடந்தாள்.